நிலவறையில் ஓர் உலை: வீட்டு ஃபர்னஸின் பழுதும் பராமரிப்பும்

ரொறன்ரோ பெரும்பாகத்தின் வீடுகளில் பெரும்பாலானவை இயற்கை எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸால் சூடாக்கப்படுகின்றன. ஃபர்னஸ் என்பது நிலவறையின் மூலையொன்றில் நிற்கும் தகரப்பெட்டி. அது வாயுவை எரித்து, அந்த வெப்பத்தை ஓர் உலோகச் சுவரின் வழியே காற்றுக்கு மாற்றி, சூடேறிய காற்றைக் குழாய்கள் மூலம் அறைகளுக்கு ஊதி அனுப்பி, ஆறிப்போன காற்றை மீண்டும் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிரம்ரனிலும் வீடு வாங்கிக் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லாத நிலத்திலிருந்து வந்தவை ஆதலால், இந்தப் பெட்டியைப் பற்றிய அறிவு அவர்களுக்குப் பெற்றோரிடமிருந்து கைமாறி வரவில்லை. தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலே பழுது எங்கே என்று சொல்லிவிடக்கூடியவர்கள்கூட, ஃபர்னஸ் நின்றுபோனால் தொலைபேசியைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்கு ஒரு விலை உண்டு. தொழில்நுட்பர் வந்து பார்ப்பதற்கான கட்டணமே நூறு டாலரைத் தாண்டுவது வழக்கம். நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் அது மேலும் உயரும். பாகத்தின் விலையும் வேலைக்கூலியும் அதற்கு மேல் தனியே சேரும். ஆயினும் ஃபர்னஸ் நின்றுபோகும் நிகழ்வுகளில் கணிசமானவை எரிதலில் ஏற்படும் கோளாறால் நேர்வதில்லை. காற்று செல்லும் வழி, புகை வெளியேறும் வழி, நீர் வடியும் வழி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அடைபட்டிருப்பதை உணர்ந்து, உள்ளேயிருக்கும் காப்புக்கருவிகள் இயந்திரத்தை நிறுத்திவிடுகின்றன. இம்மூன்று வழிகளும் வீட்டுக்காரரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை. நான்காவதான வாயுவின் வழி மட்டும் அவர் தொடக்கூடாதது. செலவைக் குறைக்க விரும்புபவர் அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த எல்லைக்கோட்டைப் பற்றியதே.

பற்றவைக்கும் ஒழுங்கு

சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் தெர்மோஸ்டாட், அறையின் வெப்பநிலையை அளந்து, குறித்த அளவுக்குக் கீழே அது இறங்கியதும் 24 வோல்ட் மின்சுற்று ஒன்றின் வழியே ஃபர்னஸுக்கு ஆணையிடுகிறது. ஆணை கிடைத்தவுடன் வாயு திறந்துவிடுவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகை, அதாவது எல்லாப் பாகங்களையும் வரிசைப்படி இயக்கும் மின்னணுத் தட்டு, முதலில் புகைவழியைச் சோதிக்கிறது: புகையை வெளியே தள்ளும் சிறு விசிறி சுழலத் தொடங்கி, அதன் உறிஞ்சலை ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக உணரும் அழுத்த விசை மூடிக்கொண்டால்தான் புகைவழி திறந்திருக்கிறது என்று பலகை ஏற்றுக்கொள்ளும். அந்த விசிறி இயங்குவதற்கு முன்பே விசை மூடியிருந்தால் அதையும் பலகை பழுதாகவே கருதும், ஏனெனில் எப்போதும் ‘சரி’ என்று சொல்லும் காவலனால் பயனில்லை. அடுத்ததாக, சிலிக்கன் கார்பைடு அல்லது சிலிக்கன் நைட்ரைடால் ஆன பற்றவைப்பான் மின்சாரத்தால் செந்தணலாக ஒளிர்கிறது, வாயு வால்வு திறக்கிறது, சுடர் பற்றுகிறது, சில நொடிகளுக்குள் சுடர் உணரி என்னும் மெல்லிய உலோகக் கம்பி சுடர் உண்மையில் இருப்பதை உறுதிசெய்கிறது. இதன்பின் வெப்பமாற்றி சூடேறுவதற்காக ஏறத்தாழ அரை நிமிடம் பொறுத்து, காற்றூதி என்னும் பெரிய விசிறி வீட்டுக்குள் காற்றை அனுப்பத் தொடங்குகிறது. வெப்பமாற்றி என்பது உட்புறத்தில் சுடரின் புகையும் வெளிப்புறத்தில் வீட்டுக் காற்றும் ஒன்றோடொன்று கலவாமல் செல்லும்படி அமைந்த உலோக அறை.

இந்த ஒழுங்கை அறிந்தவர் பெட்டியின் அருகே இரண்டு நிமிடம் நின்று செவிகொடுத்தாலே பழுதின் இருப்பிடத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். சிறு விசிறியே சுழலவில்லையென்றால் கோளாறு மின்சாரத்திலோ தெர்மோஸ்டாட்டிலோ இருக்க வாய்ப்பு அதிகம். விசிறி சுழன்றும் தணல் தோன்றவில்லையென்றால் புகைவழியிலோ நீர்வடிகாலிலோ அடைப்பு இருக்கலாம், அல்லது பற்றவைப்பானே உடைந்திருக்கலாம். தணல் ஒளிர்ந்தும் சுடர் பற்றவில்லையென்றால் வாயு வரவில்லை. சுடர் பற்றிச் சில நொடிகளிலேயே அணைந்தால் சுடர் உணரியைச் சந்தேகிக்க வேண்டும்; பல நிமிடம் எரிந்தபின் சுடர் அணைய, காற்றூதி மட்டும் தொடர்ந்து ஓடினால், காற்றுவழி அடைபட்டு உள்ளே சூடு மிகுந்திருக்கிறது. இது முழுமையான நோயறிதல் ஆகாது; ஆனால் தொழில்நுட்பரை அழைக்கும்போது ‘ஹீற்றர் வேலை செய்யவில்லை’ என்று சொல்வதற்கும், ‘சுடர் பற்றி ஐந்து நொடியில் அணைகிறது, மூன்று முறை முயன்றபின் நின்றுவிடுகிறது’ என்று சொல்வதற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் விலைச்சீட்டில் தெரியும். இரண்டாவதாகச் சொன்னவரின் வீட்டில் தேவையற்ற பாகங்களை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

சுடர் உணரியின் செயல்முறை சற்று விரித்துரைக்கத் தக்கது. எரியும் சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் அது மின்சாரத்தை மிகச் சிறிதளவு கடத்தும். பலகை அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. கம்பியின் பரப்பைவிட நிலத்தோடு இணைந்த எரிமுனையின் பரப்பு பன்மடங்கு பெரிதாதலால் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் பாய்ந்து, முடிவில் ஒருதிசை மின்னோட்டமாகப் பலகையை வந்தடைகிறது. அதன் அளவு ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குகளே. கம்பியின் மேல் சிலிக்கா போன்ற மின்கடத்தாப் படலம் படியப் படிய இந்த அளவு குறைந்து, ஒரு கட்டத்தில் சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ‘சுடர் இல்லை’ என்று பலகை முடிவுசெய்து வாயுவை மூடிவிடுகிறது. நுண்ணிய எஃகுக் கம்பளியால் கம்பியைத் துடைத்தால் தீரும் இந்தக் கோளாறுதான் சனவரி மாதத்து நள்ளிரவு அழைப்புகள் பலவற்றின் காரணம். எரிமுனைக்கு அருகே இருக்கும் பாகம் என்பதால் அதைத் துடைக்கும் வேலையை ஆண்டுச் சேவையின்போது தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவதே முறை. ஆனால் துடைக்கப்பட்டதா, துடைத்தபின் மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

பலகை தன் முடிவுகளைச் சொல்லாமல் விடுவதுமில்லை. ஃபர்னஸின் கீழ்க்கதவில் உள்ள சிறு கண்ணாடித் துளையின் வழியே பார்த்தால் ஒரு விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னி மின்னி அணைவது தெரியும். அந்த எண்ணிக்கையின் பொருளை விளக்கும் அட்டவணை கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மூன்று முதல் ஐந்து முறை பற்றவைக்க முயன்று தோற்றபின் பலகை பூட்டுநிலைக்குப் போய்விடுவதால், பலர் மின்விசையை அணைத்து மீண்டும் போட்டு அதை எழுப்புகிறார்கள். ஒருமுறை அவ்வாறு செய்வதில் தவறில்லை. ஆனால் பல மாதிரிகளில் மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தக் குறி அழிந்துவிடும் என்பதால், முதலில் மின்னல்களை எண்ணி எழுதிவைத்துக்கொள்வதோ கைப்பேசியில் காணொளியாகப் பதிந்துகொள்வதோ நல்லது. திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவது காப்புக்கருவியின் வாயை அடைப்பதற்குச் சமம்.

மின்சாரம் சார்ந்த எளிய காரணங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு மின்விளக்கின் விசையைப் போலவே தோன்றும் ஃபர்னஸ் விசை ஒன்று பெட்டியின் அருகிலோ நிலவறைப் படிக்கட்டின் மேலோ இருக்கும். பொருள் எடுக்கப் போனவர் அதை அறியாமல் அணைத்துவிடுவது அரிதன்று. கீழ்க்கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் கதவுவிசை முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட்டின் பற்றரி தீர்ந்துபோயிருக்கலாம். அதில் காற்றூதியின் தெரிவு ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’ நிலைக்கு மாறியிருந்தால் சுடர் இல்லாத வேளையிலும் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருக்கும்; ஃபர்னஸ் பழுது என்று எண்ணி அழைப்பவர்களில் சிலருடைய பழுது இதுவே.

காற்றின் வழி

ஃபர்னஸை நெருப்பு இயந்திரம் என்று கருதுவதைவிடக் காற்று இயந்திரம் என்று கருதுவது பொருத்தம். அது வீட்டுக்குள் அனுப்பும் காற்றின் வெப்பநிலை, திரும்பி வரும் காற்றைவிட எவ்வளவு கூடியிருக்கலாம் என்பதற்கு ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் பெட்டியின் உள்ளே ஒட்டிய தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். காற்று குறைந்தால் அந்த வேறுபாடு மேலெல்லையைக் கடக்கும், வெப்ப வரம்பு விசை திறந்து சுடரை அணைக்கும், ஆறியதும் மீண்டும் எரியும், மீண்டும் அணையும். இப்படி அளவுக்கு மீறிச் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் வெப்பமாற்றியின் உலோகம் விரிந்து சுருங்குகிறது; ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது வளைவுகளிலும் இணைப்புகளிலும் வெடிப்பு விழுகிறது. வெப்பமாற்றி வெடித்த ஃபர்னஸை, அது பழையதாக இருந்தால், திருத்துவதைவிட மாற்றுவதே வழக்கம். இருபது டாலர் வடிகட்டியை மாற்றாமல் விட்டதன் முடிவு சில ஆயிரம் டாலராக வந்து நிற்பது இந்தப் பாதையில்தான்.

வடிகட்டி, அதாவது ஃபில்டர், திரும்பி வரும் காற்று காற்றூதிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் அட்டைச் சட்டம். அதன் அளவு சட்டத்தின் விளிம்பில் அங்குலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். காற்றுச் செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புள்ளவற்றை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்புள்ளவற்றை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான அறிவுரை. ஆனால் இந்த அறிவுரை தமிழ்ச் சமையலை எண்ணி எழுதப்பட்டதன்று. தாளிப்பிலும் பொரியலிலும் எழும் எண்ணெய்ப்புகை, அடுப்பின் மேலுள்ள விசிறி வீட்டுக்கு வெளியே திறக்காத இடங்களில், திரும்புகாற்றோடு சேர்ந்து வடிகட்டியில் படிந்து தூசியை ஒட்டவைக்கிறது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. நாட்காட்டியைப் பார்ப்பதைவிட மாதம் ஒருமுறை வடிகட்டியை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நம்பத்தக்கது. அடுப்புப் புகையை வெளியேற்றும் விசிறியைச் சமைக்கும்போதெல்லாம் போடுவது ஃபர்னஸ் பராமரிப்பும் ஆகும்.

விலை கூடிய வடிகட்டியே சிறந்தது என்ற எண்ணமும் ஆராயத் தக்கது. வடிகட்டிகளின் பிடிதிறனை அளக்க ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த மெர்வ் அளவுகோலில் எண் கூடக்கூட நுண்ணிய துகள்கள் பிடிபடும். மெல்லிய ஓர் அங்குலச் சட்டத்தில் அதிக எண்ணுள்ள வடிகட்டியை வைத்தால் பல அமைப்புகளில் காற்றோட்டமும் குறைந்துவிடும். அது ஃபர்னஸின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதைப் போன்றது. ஒவ்வாமைக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ நுண்வடிகட்டல் தேவைப்படும் வீட்டில், தடித்த வடிகட்டிக்கு இடமளிக்கும் பேழையை ஒருமுறை பொருத்திக்கொள்வது சரியான வழி. அத்தகைய தேவை இல்லாத வீட்டுக்கு மெர்வ் 8 அளவிலான வடிகட்டியே போதுமானது.

நிலவறையில் வாடகைக் குடியிருப்பு அமைப்பது தமிழ்க் குடும்பங்களிடையே பரவலான வழக்கம் ஆதலால் அதனோடு சேர்ந்த இரண்டு தொல்லைகளைக் குறிப்பிட வேண்டும். கட்டுமான வேலை நடக்கும் வாரங்களில் சுவர்ப்பலகையைத் தேய்க்கும் வெண்தூள் வடிகட்டியையும் கடந்து காற்றூதியின் சிறகுகளிலும், மேலே அமர்ந்திருக்கும் குளிரூட்டிச் சுருளிலும் படிகிறது. வேலை நடக்கும் நேரத்தில் ஃபர்னஸை நிறுத்தி, திரும்புகாற்று வாய்களை மூடிவைத்தால் இது தவிரும். மற்றொன்று, அறை பிரிக்கும்போது ஃபர்னஸைச் சுற்றி இடமில்லாதபடி சுவர் எழுப்பிவிடுவது. அடைத்த அறைக்குள் பழைய வகை ஃபர்னஸுக்கு எரிவதற்கான காற்றே போதாமல் போகும். எந்த வகையாயினும் திருத்த வருபவர் உள்ளே நுழைய இடமின்றிக் கூலி ஏறும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேல்தளத்தில் இருக்க, கீழே குடியிருப்பவர் குளிரில் நடுங்குவது சட்டச் சிக்கலாகவும் ஆகலாம்: ரொறன்ரோ மாநகர விதியின்படி, வாடகைக் குடியிருப்புகளுக்கு வெப்பத்தை வீட்டுரிமையாளர் வழங்கும் இடங்களில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பயன்படுத்தாத அறைகளின் காற்றுவாய்களை மூடிவிட்டால் வாயு மிச்சமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பல வாய்கள் மூடப்பட்டால் காற்றோட்டம் குறைந்து மேலே சொன்ன அதே வெப்ப மிகுதிதான் நேரும்.

புகையும் நீரும்

ஒரு ஃபர்னஸ் ஓராண்டில் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் எத்தனை விழுக்காடு வீட்டுக்குள் வெப்பமாக வந்துசேர்கிறது என்பதை ஆண்டுப் பயன்திறன் என்பார்கள். புகைபோக்கி வழியே சூடான புகையை அனுப்பிய பழைய வகைகளில் இது 80 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழாகவோ இருந்தது. கனடாவின் கூட்டரசு விதிகள் வீட்டு வாயு ஃபர்னஸ்களுக்கு 2009ஆம் ஆண்டின் இறுதியில் 90 விழுக்காட்டையும், 2019ஆம் ஆண்டு சூலையில் 95 விழுக்காட்டையும் குறைந்தபட்ச அளவாக்கின. இந்த உயர்வுக்குக் காரணம் இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று சேர்க்கப்பட்டதே. வாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த நீராவியை மீண்டும் நீராக ஒடுக்கி, அதில் மறைந்திருந்த வெப்பத்தையும் இரண்டாவது வெப்பமாற்றி பறித்துக்கொள்கிறது. ஒரு கனமீற்றர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நீராவி உருவாகும் என்பது வேதியியல் கணக்கு. கடுங்குளிர் நாளொன்றில் பல கனமீற்றர் வாயுவை எரிக்கும் வீட்டில் லீற்றர் கணக்கில் ஒடுக்க நீர் வடிந்தாக வேண்டும்.

ஆகவே வெப்பம் மிச்சமான அதே இடத்தில் புதிய பழுதுகளும் பிறந்தன. அமிலத்தன்மை உள்ள அந்த நீர் ஒரு வளைகுழாய்ப் பொறியின் வழியே நிலவடிகாலுக்கோ சிறு பம்புக்கோ செல்கிறது. பொறியில் அழுக்குத் திரண்டாலோ, குழாய் தாழ்ந்து தொய்ந்தாலோ, பம்பு நின்றாலோ நீர் பின்னோக்கித் தேங்கி அழுத்த விசையை ஏமாற்றும். புகைவழி அடைபட்டதாகக் கருதிப் பலகை பற்றவைக்க மறுக்கும். பெட்டிக்குள் நீர் கொப்பளிக்கும் ஓசை கேட்பது இதன் முன்னறிவிப்பு. வடிகாற்குழாயைக் கழற்றி வெந்நீர் விட்டு அலசுவது ஆண்டுச் சேவையின் பகுதியாக இருக்க வேண்டும்; குழாயின் முனை வடிகாலை அடைகிறதா, பம்பின் தொட்டி நிரம்பி வழியவில்லையா என்று பார்ப்பது எவருக்கும் இயலும். வடிகாற்குழாய் வெளிச்சுவரையோ சூடாக்காத வண்டிக்கூடத்தையோ கடந்து சென்றால் அது உறைந்துபோகும். அப்படி அமைத்தது நிறுவியவரின் பிழை, ஆனால் அதை ஒவ்வொரு சனவரியிலும் சுமப்பவர் வீட்டுக்காரர்.

புகை தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால் இவ்வகை ஃபர்னஸ்கள் செங்கற் புகைபோக்கியைப் பயன்படுத்துவதில்லை. வீட்டுச் சுவரின் பக்கவாட்டில் வெளியேறும் இரண்டு நெகிழிக் குழாய்களில் ஒன்று எரிவதற்கான காற்றை உள்ளிழுக்க, மற்றொன்று புகையை வெளிவிடுகிறது. பனிப்பொழிவுக்குப் பிறகு நடைபாதையைத் துப்புரவு செய்பவர் அள்ளிய பனியை இந்தக் குழாய்களின் மேலேயே குவித்துவிடுவது வாடிக்கையான காட்சி. உறைபனிப் படலம், இலைச்சருகு, கோடையில் குளவிக்கூடு ஆகியனவும் அவற்றை அடைக்கும். புயல் ஓய்ந்ததும் வெளியே சென்று இரண்டு வாய்களும் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. ஃபர்னஸோடு இணைந்த ஈரப்பதமூட்டி உள்ள வீடுகளில் அதன் நீர்க்கசிவு கட்டுப்பாட்டுப் பலகையின் மேல் சொட்டி அதைக் கெடுப்பதுண்டு. துரு படிந்த கோடு பெட்டியின் பக்கத்தில் தெரிந்தால் கசிவை உடனே நிறுத்த வேண்டும்.

தொடக்கூடாத வழி

எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டையை ஒத்த நாற்றமுள்ள பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. அந்த நாற்றம் வீசினால் விளக்கு விசையைக்கூடத் தொடாமல், அனைவரும் வெளியேறி, வெளியே நின்றபடி வாயு வழங்கும் நிறுவனத்தையோ தீயணைப்புத் துறையையோ அழைக்க வேண்டும். ஒன்ராறியோவில் எரிபொருள் பாதுகாப்பை மேற்பார்வையிடும் தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் சான்றிதழ் இல்லாத எவரும் வாயுக்கருவியைத் திருத்தக் கூடாது. இச்சான்றிதழில் ஜி1, ஜி2, ஜி3 என மூன்று படிகள் உள்ளன. ஜி3 பெற்றவர் மேற்பார்வையின் கீழ்தான் வேலை செய்யலாம். ‘தெரிந்த பெடியன் ஒருவன் மலிவாகச் செய்து தருவான்’ என்ற ஏற்பாடு இந்தத் துறையில் மலிவாக முடிவதில்லை. சான்றிதழ் அட்டையைக் காட்டச் சொல்வது அவமதிப்பும் ஆகாது.

நாற்றத்தால் அறியமுடியாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. 2008ஆம் ஆண்டு திசெம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்ரொக் நகரில், புகைவழி அடைபட்ட வாயுக் கணப்பு ஒன்றால் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்தனர். அக்குடும்பத்தின் பெயரையும் தாங்கிய ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறி, எரிபொருட்கருவி உள்ள வீடுகளில் உறங்கும் இடங்களுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைமணி இருப்பது அடுத்த ஆண்டில் கட்டாயமாயிற்று. அந்த மணிகளுக்கு ஆயுள் உண்டு. காலாவதி ஆண்டு பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் என்பதால் மட்டும் உணரி உயிரோடு இருப்பதாகாது.

ஃபர்னஸ் அறையைச் சரக்கறையாக்கும் பழக்கமும் இங்கே கவனத்துக்குரியது. அரிசிமூட்டைகள் சுற்றியிருப்பது இடைஞ்சல் மட்டுமே. வெளுக்கும் திரவமும் வண்ணக்கரைப்பானும் அவ்வாறல்ல. அவற்றிலிருந்து எழும் குளோரின் கலந்த ஆவியை ஃபர்னஸ் உள்ளிழுத்து எரித்தால் அமிலம் உருவாகி வெப்பமாற்றியை அரிக்கும். எரிவாயு ஃபர்னஸுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதும் மறக்கப்படும் ஒன்று. 2013ஆம் ஆண்டு திசெம்பர் பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகள் மின்சாரத்தை இழந்தபோது வாயு இருந்தும் வீடுகள் குளிர்ந்தன. கரியடுப்பையும் மின்னாக்கியையும் வீட்டுக்குள் பயன்படுத்தியவர்களைத் தேடித் தீயணைப்பு வண்டிகள் ஓடின.

எண்களைக் கேட்பதும் கையொப்பமிடாதிருப்பதும்

ஆண்டுச் சேவைக்கு உகந்த காலம் செப்டெம்பர். முதற்குளிர் வந்தபின் அழைப்பவர் வரிசையில் நிற்க நேரிடும். சேவை என்ற பெயரில் வடிகட்டியை மாற்றித் தூசி தட்டிவிட்டுப் போவதும் உண்டு, அளந்து பார்ப்பதும் உண்டு. வாயு வால்வைக் கடந்த அழுத்தம், இயற்கை எரிவாயுவில் இது வழக்கமாக 3.5 அங்குல நீர்மட்டத்தை ஒட்டியது, காற்றின் வெப்பநிலை உயர்வு, சுடர் உணரியின் மின்னோட்டம், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு ஆகிய நான்கையும் சீட்டில் எழுதித் தரச் சொன்னால் எந்த வகைச் சேவை நடந்தது என்பது தெளிவாகும். அடுத்த ஆண்டின் எண்களோடு அவற்றை ஒப்பிடும்போது எந்தப் பாகம் தளர்கிறது என்பது பழுதுக்கு முன்பே புலப்படும். மாதந்தோறும் கட்டணம் வாங்கும் காப்புத் திட்டங்களைப் பொறுத்தவரை, ஐந்தாண்டுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியலையும் வாசித்தபின் முடிவெடுப்பவர்களில் பலர் அதை வாங்குவதில்லை.

ஆபத்தான நிலையைக் கண்ட தொழில்நுட்பர் ஃபர்னஸில் எச்சரிக்கைச் சீட்டைத் தொங்கவிட வேண்டும். உடனடி ஆபத்து என்றால் வாயுவை அப்போதே நிறுத்துவார், அல்லாதபோது திருத்துவதற்குக் கெடு குறிப்பார். இந்த ஏற்பாடு உயிர்காப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சீட்டு எழுதிய கையே புதிய ஃபர்னஸின் ஒப்பந்தத்தையும் நீட்டும்போது சற்று நிதானிக்க வேண்டும். வெப்பமாற்றி வெடித்திருக்கிறது என்றால் வெடிப்பின் ஒளிப்படத்தையும் அளவீட்டையும் கேட்டுப் பெறலாம். ஒரு மின்சூடேற்றியை வைத்துக்கொண்டு ஓரிரவைக் கடத்தி, மறுநாள் வேறொரு நிறுவனத்தின் கருத்தைப் பெறுவது சில ஆயிரம் டாலரைத் தீர்மானிக்கலாம்.

வீட்டு வாசலில் நின்று ஃபர்னஸ் விற்பதன் வரலாறு ஒன்ராறியோவில் இனிமையானதன்று. ஆங்கிலத்தில் தயங்கும் முதியவர்கள் வீட்டில் தனித்திருக்கும் பகற்பொழுதுகளில் கையொப்பம் பெறப்பட்ட வாடகை ஒப்பந்தங்கள் பத்தாண்டுக்கு மேல் நீண்டன. அவற்றை எழுதிய நிறுவனங்கள் வீட்டின் உரிமைப்பதிவிலேயே பிணையுரிமை அறிவிப்பைப் பதிந்துவைக்க, வீட்டை விற்கவோ மறு அடமானம் வைக்கவோ போகும் நாளில்தான் குடும்பம் அதை அறிந்தது. 2018 மார்ச் 1 முதல், வீட்டுக்காரர் அழைக்காமலே வாசலுக்கு வந்து ஃபர்னஸ், குளிரூட்டி, நீர்சூடேற்றி போன்றவற்றை விற்பது தடைசெய்யப்பட்டது. 2024 சூனில் நிறைவேறிய வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் பொருள்களுக்கான அத்தகைய பிணையுரிமைப் பதிவுகளையும் நிறுத்தியது. வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நீக்கிக்கொள்ளலாம்.

ஃபர்னஸின் ஆயுள் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள். அந்த வயதை எட்டியதில் பற்றவைப்பானோ அழுத்த விசையோ பழுதானால் திருத்துவது நியாயம். காற்றூதியின் மின்பொறியோ கட்டுப்பாட்டுப் பலகையோ போனால் கணக்குப் பார்க்க வேண்டும். வெப்பமாற்றி போனால் மாற்றுவதே வழி. மாற்றும்போது பழைய பெட்டியின் கொள்ளளவையே புதியதற்கும் எழுதிவிடுவது விற்பனையாளர்களின் சோம்பல். பழையவை பல தேவைக்கு மிஞ்சிய பெரியவை. அதற்குப்பின் சாளரங்களும் கூரைக்காப்பும் மாறிய வீட்டில் அவை இன்னும் பெரியவை. மிஞ்சிய அளவுள்ள ஃபர்னஸ் சில நிமிடங்களில் வீட்டைச் சூடாக்கி அணைந்து, சற்றைக்கெல்லாம் மீண்டும் எரியும். பற்றவைப்பான், விசிறிகள், வெப்பமாற்றி ஆகிய அனைத்தும் அந்த அடிக்கடித் தொடக்கங்களால் தேயும். வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிடுவதற்குக் கனடியத் தர நிர்ணய அமைப்பின் எஃப்280 என்னும் முறை இருக்கிறது. அந்தக் கணக்கை எழுத்தில் தருபவரிடம் விலை கேட்பதே பொருத்தம். பாகங்களுக்கான உறுதிமொழியைப் பல உற்பத்தியாளர்கள், பொருத்திய 60 அல்லது 90 நாட்களுக்குள் பதிவு செய்தவர்களுக்கே பத்தாண்டாக நீட்டுகிறார்கள். பதியாதவர்களுக்கு அது பெரும்பாலும் ஐந்தாண்டோடு முடியும். உறுதிமொழி பாகத்தின் விலையை மட்டுமே ஈடுசெய்யும், கூலி தனி. ஆண்டுச் சேவைச் சீட்டுகளைக் காட்டச் சொல்லும் உற்பத்தியாளர்களும் உண்டு என்பதால், அவற்றை ஓர் உறையிலிட்டு ஃபர்னஸின் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது வழக்கமாகியிருக்கிறது.